பொங்கலுக்கு வீட்டு மரத்தில் கை வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பில் பொங்கலுக்கு வீட்டைப் புதுப்பிப்பது பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. கோலம், தோரணம், சுவர் நிறம் என்று எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசியில், பழைய கதவு, தூண், ஜன்னல் இருந்தால் மெஷின் வைத்து ஒரே நாளில் தேய்த்து எனாமல் அடித்துவிடலாம் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்றை ஒட்டிய கிராமத்தில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாத்தா கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடத்தில் ஊஞ்சல், இரண்டாங்கட்டில் நெல் பத்தாயம். இந்த வீட்டு மரத்தை நான் ஒருமுறை கெடுத்தும் இருக்கிறேன், ஒருமுறை காப்பாற்றியும் இருக்கிறேன். இரண்டையும் எழுதினால் நாலு வீட்டுக்கு உபயோகப்படும் என்று தோன்றியது.

இரண்டு வருடத்துக்கு முன், இதே மார்கழி. அண்ணன் குடும்பம் பொங்கலுக்கு வருகிறது என்று அவசரம். வீட்டு வேலை எடுத்துச் செய்யும் ஒருவர் வந்து பார்த்தார். நான்கு நாளில் எல்லா மரத்தையும் புதுசு ஆக்கித் தருகிறேன் என்றார். சரி என்றேன். மறுநாள் இரண்டு பையன்கள் தேய்க்கிற மெஷினோடு வந்தார்கள். முதலில் பத்தாயத்தில் ஆரம்பித்தார்கள்.

எங்கள் பத்தாயம் பலா மரம். முன்பக்கம் ஏழு பலகை. ஆணி கிடையாது. இரண்டு பக்கக் காலிலும் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக இறக்குவது. நெல் ஏற ஏறப் பலகை போடுவார்கள், இறங்க இறங்க எடுப்பார்கள். ஒவ்வொரு பலகையின் இடது ஓரத்திலும் உளியால் லேசாகக் கீறிய தமிழ் எண் இருந்தது. ௧, ௨, ௩ என்று ௭ வரை. அதன் மேல் எந்தக் காலத்திலோ பிரவுன் பெயிண்ட் அடித்துவிட்டதால், உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

சமையல்கட்டில் இருந்து நான் வருவதற்குள் மூன்று பலகை முடிந்திருந்தது. மெஷினில் போட்டிருந்தது முரட்டு உப்புத்தாள். பெயிண்டோடு மேல்மரமும் போய், மூன்று பலகையும் அரைத்த மஞ்சள் மாதிரிப் பளீரென்று கிடந்தன. மூன்றிலும் எண் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன், சுவடு கூட இல்லை.

எண் போனால் என்ன, வரிசையாகப் போட்டால் போகிறது என்று அந்தப் பையன் சொன்னான். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் கையால் அறுத்து இழைத்த பலகை ஒன்று போல ஒன்று இருக்காது. பருமனில் ஒரு நூல், அரை நூல் வித்தியாசம் இருக்கும் (தச்சர் கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). காடியும் அதற்கேற்ப மேலிருந்து கீழே மாறிக்கொண்டே போகும். ௩, ௫, ௬ ஆகிய மூன்றும் இடம் மாறினதும் ஒன்று இறுகி நின்றது, இன்னொன்று ஆடியது. அன்றோடு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஆனால் வாசல் கதவுக்கு அதற்குள் ஸ்பிரிட் பாலிஷ், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, போட்டாகிவிட்டது. காலை ஏழு மணி, வெளியே பனி இன்னும் விலகவில்லை. பத்து மணிக்குப் பார்த்தால் கதவு முழுவதும் பால் தெளித்தது போல வெளுத்திருந்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் இருக்கிற ஈரம் அங்கே படிந்து அரக்குக்குள் மாட்டிக்கொள்கிறது. இதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். டெல்டாவில் மார்கழி என்றால் மண், சுவர், மரம் எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் காலம். அப்போது போடுகிற எந்தப் பூச்சும் மரத்தில் சரியாகப் பிடிக்காது.

பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடிப்பது நம் வழக்கம். அதே சுறுசுறுப்பில் மரத்துக்கும் பெயிண்டை அடித்துவிடுகிறோம். எனக்கு இருக்கிற வேண்டுகோள் இதுதான்: சுவரோடு நிறுத்துங்கள். மரத்தை மாசி வரை விட்டுவிடுங்கள். மாசி, பங்குனியில் வெயில் ஏறி, காற்று காய்ந்து, மரம் உள்ளிருக்கிற ஈரத்தை விட்ட பிறகு அதைத் தொடுங்கள்.

கதவு இறுக்குகிறது என்று ஐப்பசியில் இழைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். மழைக்காலத்தில் பலகை குறுக்கே உப்பும், நீளத்தில் அநேகமாக உப்பாது. அப்போது விளிம்பைச் சீவிவிட்டால் சித்திரையில் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து விழும். எங்கள் பூஜை அறைக் கதவில் இன்னும் அந்தச் சந்து இருக்கிறது.

மாசியில் ஒரு பெரிய தச்சரைத் தேடிப் பிடித்தேன். எழுபது வயதுக்கு மேல். தேர் வேலையெல்லாம் பார்த்தவர். பத்தாயத்தைச் சுற்றி வந்தார், பலகைகளை எடுத்து வரிசையாகச் சாய்த்து வைக்கச் சொன்னார். "கொஞ்சம் தண்ணியும் துணியும் கொடுங்கம்மா" என்றார். ஈரத் துணியால் பலகைகளின் தலைப்பை, அதாவது அறுத்த முனையை, ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஈரம் பட்டதும் அழுக்குக்குள் மறைந்திருந்த வளையங்கள் எழுந்து வந்தன. நான்காம் பலகையின் வளையம் எங்கே முடிகிறதோ, அங்கிருந்து தொடர்கிற ஒரு பலகையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இது அஞ்சு. ஒரே மரத்துல அடுத்தடுத்து அறுத்ததும்மா. மரம் சொல்லிடும்" என்றார். அரை மணி நேரத்தில் மூன்றுக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஏழும் சத்தமில்லாமல் இறங்கின.

திரும்ப எண் போட வேண்டும். தமிழ் எண் அவருக்குப் பழக்கம் இல்லை. "நீங்க டீச்சர்தானே, எழுதிக் கொடுங்க" என்று பென்சிலை நீட்டினார். மற்ற நான்கு பலகையில் இருந்த கீறலைப் பார்த்து, அதே அளவில், அதே சாய்வில் எழுதினேன். அவர் சின்ன உளியை வைத்துத் தட்டினார். மஞ்சள் பலகையில் ௫ இருக்கிறது. நிறத்துக்குக் கவலைப்படாதீர்கள், பலா வெளிச்சம் பட்டால் தானே கறுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது இரண்டு வருடத்தில் மஞ்சள் போய் வெல்ல நிறத்துக்கு வந்திருக்கிறது.

அவர் ஒன்பது நாள் வேலை செய்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தேன். அவரிடம் கற்றதில் முதலாவது, தேய்க்காமல் இருப்பது. ஊஞ்சல் பலகையைக் காட்டினேன், கறுத்துப்போய் இருந்தது. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு முத்தாக நின்றது. "மேல்பூச்சு உசுரோட இருக்கு. இதை ஏன் தேய்க்கணும்?" என்றார். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்ததில் கையழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் வந்துவிட்டன, தேக்கின் நிறம் தெரிந்தது. அதற்கு உப்புத்தாளே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் உடனே மரத்துக்குள் இறங்கினால்தான் பூச்சு செத்துவிட்டது என்று அர்த்தம்.

தேய்த்தே ஆக வேண்டிய இடத்தில் 80 நம்பர் தாளில் ஆரம்பித்து 120, 180, கடைசியில் 220. நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முதல் தாளின் கீறல் போகாது. எண்ணெய் பட்டதும் எல்லாக் கீறலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்து, ரேகை ஓடுகிற போக்கிலேயே போக வேண்டும், குறுக்கே கூடாது. 180 முடிந்ததும் ஈரத் துணியால் ஒரு துடைப்பு. காய்ந்தால் மரம் மீசை முளைத்த மாதிரி சொரசொரப்பாக நார் எழும்பும். அதன் மேல் 220ஐ மெதுவாக ஓட்டினால் அப்புறம் எழும்பாது. முடிந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்கக் கூடாது என்பார். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவச் சொல்வார். உண்மைதான், கண் விட்டதை விரல் பிடிக்கிறது. நிலையில் இருக்கிற தாமரை வேலைப்பாட்டுக்குத் தாளைக் கிழித்து, கயிறு போல முறுக்கி, இதழ் இதழாக இழுத்தோம். அதற்கு மட்டும் ஒன்றரை நாள். மெஷின் வைத்திருந்தால் இதழின் விளிம்பு மழுங்கிப்போயிருக்கும்.

இனி நான் எழுதப் போவதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

தாழ்வாரத் தூணில் ஓர் இடத்தில் பெயிண்டை நகத்தளவுக்குச் சுரண்டிப் பார்த்தோம். மேலே பிரவுன், அதன் கீழே கிரீம், அதன் கீழே பச்சை, அடியில் நீலம். பச்சை அடித்தது அக்கா கல்யாணத்துக்கு, எனக்கு அப்போது எட்டு வயது, நினைவிருக்கிறது. அந்தக் காலப் பெயிண்டுகளில், முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில், நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயம் சேர்ப்பது சாதாரணம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல்தான். அதற்கு முன் அடித்த எந்தப் பெயிண்டிலும் ஈயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும்.

சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்த்தால் மாவு போலப் பறக்கும். அன்று எங்கள் முற்றத்தில் அப்படித்தான் பறந்தது. என் பேரனுக்கு நாலு வயது, தரையில் படிந்த தூளில் விரலால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்த பிறகு பல நாள் தூக்கம் வரவில்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பிடிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. இவ்வளவு வரை உடம்புக்குள் போனால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார அமைப்பு சொல்வது. பையனுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் கவலை வேண்டாம் என்ற பிறகுதான் மூச்சு வந்தது.

தூண்களுக்கு நாங்கள் செய்தது இது. குழந்தையை ஊருக்கு அனுப்பிவிட்டோம். தூணைச் சுற்றிக் கெட்டிப் பிளாஸ்டிக் தாள் விரித்தோம். பெயிண்டை நனைத்து நனைத்து, சுரண்டியால் ஈரத்தோடு எடுத்தோம், மிச்சத்துக்கு வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, என்95 மாஸ்க் வேண்டும். துடைப்பத்தால் பெருக்கவே இல்லை, ஈரத் துணியால் வழித்து எடுத்தோம். சுரண்டிய பொருக்கையெல்லாம் இரண்டு பைக்குள் போட்டுக் கட்டினோம். கொல்லையிலும் வாய்க்காலிலும் கொட்டவில்லை, மாடு மேய்கிற இடம். வேலை செய்த துணியைத் தனியாகத் துவைத்தோம். சில இடங்களில் ஊதுவிளக்கு வைத்துப் பெயிண்டைப் பொசுக்கி எடுக்கிறார்கள். அது தேய்ப்பதை விட மோசம், ஈயம் புகையாகவே மூக்குக்குள் போகும். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய விடாதீர்கள்.

ஆசிரியையாக இருந்தவள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மே மாத விடுமுறையில் பள்ளிகளில் பழைய பெஞ்சு, கதவு, கரும்பலகைச் சட்டம் எல்லாம் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பார்கள். அந்தத் தூள் வகுப்பறையிலேயே கிடக்க, ஜூனில் பிள்ளைகள் வந்து தரையில் உட்காருவார்கள். தலைமை ஆசிரியர்கள் ஈரத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள், திறப்பதற்கு முன் தரையை ஈரத் துணியால் இரண்டு முறை துடைக்கச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

எனாமல் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதை என் வீட்டுத் தூண்களே காட்டின. 2018 நவம்பர் 16, கஜா புயல். விடியற்காலையில் ஓடுகள் பறந்து தாழ்வாரம் முழுக்க நனைந்தது, மூன்று நாள் காயவில்லை. எனாமல் அடித்த தூண்களில் இரண்டு அடிப்பாகத்தில் உளுத்துவிட்டன. மேலே பளபளப்பாகத்தான் இருந்தன, தட்டினால் பொத்தென்று சத்தம். விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை. அதே மழையில் நனைந்த, சமையல்கட்டில் உத்தரத்தைத் தாங்குகிற தூண் ஒன்றுமே ஆகாமல் நின்றது. அது காலாகாலமாக எண்ணெய் மட்டும் கண்ட மரம், பெயிண்ட் அங்கே போகவே இல்லை.

அந்த எண்ணெயும் எது என்று பார்த்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் தேய்ப்பவர்கள் உண்டு. அவை காயாது. பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், பிறகு கறுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டியாகிறது, அதுதான் மரத்துக்கு ஆகும். கடையில் காய்ச்சிய லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். முதல் கைக்கு, அதாவது முதல் பூச்சுக்கு, பாதிக்குப் பாதி டர்பன்டைன் சேர்த்தோம், உள்ளே நன்றாக இறங்கட்டும் என்று. துணியில் தோய்த்துத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதை எல்லாம் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் ஆடை கட்டின மாதிரி ஒட்டும். ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று கை. ஓட்டுக்குக் கீழே கண்ணில் படாத கைமரங்களுக்கு முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய் கொடுத்தோம், கறையான் அண்டாது. ஆனால் தோலில் பட்டால் வெந்துவிடும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

எண்ணெய் துடைத்த துணிகளை நான் சுருட்டி ஒரு கோணிக்குள் திணித்து ரேழி மூலையில் வைத்தேன். சாயங்காலம் தச்சர் அதைப் பார்த்துவிட்டு அவசரமாக வந்து கோணியைக் கவிழ்த்தார். "தொட்டுப் பாருங்க" என்றார். உள்ளே இருந்த துணி இஸ்திரி போட்டு எடுத்தது போலச் சூடாக இருந்தது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். துணி குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். பக்கத்திலேயே வைக்கோல். அன்றிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் போட்டுக் காயவைத்தோம், அல்லது தண்ணீர் வாளியில் முக்கினோம். எண்ணெய் போடுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒரு வேன் வருகிறது. பழைய தூண், கதவு, ஊஞ்சல், பத்தாயம் எடுக்கிறோம் என்று வீடு வீடாகக் கேட்கிறார்கள். பெயிண்ட் உரிந்து அசிங்கமாக நிற்கிற மரத்தைப் பார்க்க மனசு வெறுத்துத்தான் பலர் கொடுத்துவிடுகிறார்கள். எதிர்வீட்டில் எட்டுத் தூண் அப்படிப் போனது. அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. நூறு வருடம் காய்ந்த மரத்தின் மதிப்பைத் தெரிய வேண்டுமானால் ஆடுதுறை பக்கம் நரசிங்கம்பேட்டைக்குப் போய்க் கேட்க வேண்டும். அங்கே நாதஸ்வரம் கடைபவர்கள் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தைத்தான் தேடி வாங்குகிறார்கள். புது மரம் வாத்தியம் ஆன பிறகும் அசைந்துகொண்டே இருக்கும், சுருதி நிற்காது. 2022இல் புவிசார் குறியீடு வாங்கியது அந்த நாதஸ்வரம். நாம் குப்பை என்று தள்ளுகிற உத்தரம் அவர்களுக்குக் கிடைக்காத பொருள்.

மெஷினே ஆகாது என்று நான் சொல்லவில்லை. புதுப் பலகைக்கு, மேஜைக்கு, சமமான பெரிய பரப்புக்கு வைத்துக்கொள்ளட்டும். செதுக்கல் உள்ள இடத்திலும், பழைய பெயிண்ட் உள்ள இடத்திலும், எண்ணோ கீறலோ இருக்கிற இடத்திலும் வேண்டாம். தச்சர்களுக்கு நாள் கூலி அதிகம் என்கிறார்கள். ஒன்பது நாள் கூலியையும் தாள், எண்ணெய்ச் செலவையும் கூட்டிப் பார்த்தேன். வேலையை எடுத்துச் செய்ய வந்தவர் நான்கு நாளுக்குக் கேட்டதை விடக் கொஞ்சம்தான் கூட.

எனக்கு வேலை செய்து கொடுத்தவருக்குப் பின்னால் அவர் வீட்டில் யாரும் உளி பிடிக்கவில்லை. மகன் திருப்பூரில் இருக்கிறார். நம் மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இப்படிப்பட்டவர்களைக் கூப்பிட்டு, பழைய மரத்தைச் சீர்படுத்துவதை ஒரு மாதமாவது சொல்லிக் கொடுக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும். உங்கள் நாளிதழ் இதை எழுதினால் அதிகாரிகள் கண்ணில் படும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த இரண்டு வரியை மட்டும் திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால் ஈயத்தைப் பற்றியும் எண்ணெய்த் துணியைப் பற்றியும் நான்கு வரி சேருங்கள். பொங்கலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இன்று காலை கூட எங்கள் தெருக்கோடி வீட்டில் மெஷின் சத்தம் கேட்டது. போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
மன்னார்குடி வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.